அக்கா மாற்றித் தராத பாடத்திட்டம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடைகிறது. அவர் நினைவாக இந்த மலரை உங்கள் கைகளில் சேர்க்கும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் அக்காவின் ஒரே தம்பி. சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுதிப் பழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் விடவில்லை. அக்காவின் கணவர், அதாவது எங்கள் மாமா, வீட்டில் கிடந்த பழைய நினைவு மலர்கள் நாலைந்தைத் தூசி தட்டி எடுத்துவந்து மேசையில் போட்டு, "இதப் பாத்து எழுதிடு மாப்ள" என்றார்.

பார்த்தேன். எல்லா மலரிலும் மறைந்தவர் யாரையும் கடிந்து பேசியறியாதவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர், இன்முகம் மாறாதவர். அக்காவைப் பற்றி நான் அப்படி எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். அவரிடம் திட்டு வாங்கிய மீதிப் பேர், இது வேறு யாருடைய மலரோ என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அக்கா கடிந்து பேசுவார். அனுசரித்துப் போக மாட்டார். அதற்காக அவர் சார்பில் நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் இரண்டு உறவினர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "லைப்ரரில இருந்த அம்மாதான? புக்கு எடுத்துக் குடுக்கற வேல. அதுக்கு இன்னா இம்மாங் கூட்டம்?" என்றார் ஒருவர். அவர் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். இந்த மலர் அவர் வீட்டுக்கும் வரும். அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்று அவருக்கு விளங்கும்படி சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிறந்தது குள்ளஞ்சாவடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். எங்கள் தகப்பனார் சுரங்கத்தில் முதலில் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பர்மனென்ட் ஆனவர். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எங்களை நெய்வேலிக்கு அழைத்துவந்தார். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் இருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் "வந்துகினு இருக்கேன்" என்று சொன்னதைக் கேட்டு ஒரு பெண் சிரித்திருக்கிறாள். "உங்க அப்பா வேலை பாக்கற எடம் எங்க ஊரு மண்ணு. எங்க ஊர்ப் பேச்சையும் கத்துக்கோ" என்று அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை அந்தப் பெண்ணின் தாயார் எங்கள் வீட்டுக்கே வந்து முறையிட்டார். அம்மா அக்காவைக் கண்டித்தார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அதே பெண்தான் பிறகு கடைசிவரை அக்காவின் உற்ற தோழியாக இருந்தவர்.

கல்லூரியில் வேதியியல் படித்தார். அடுத்து நூலகவியல் படிக்கச் சிதம்பரத்துக்குப் போகிறேன் என்றபோது, புஸ்தகம் அடுக்குவதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வயது ஏறிக்கொண்டு போகிறது, மாப்பிள்ளை பாருங்கள் என்றார்கள். எங்கள் தகப்பனார் அதிகம் பேசாதவர். "அவ படிக்கட்டும்" என்ற ஒரு வார்த்தையோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். படிப்பு முடிந்ததும் சுரங்க நிறுவனத்தின் தொழில்நுட்ப நூலகத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது.

அங்கே நல்ல புத்தகங்கள் இருந்தன, வெளிநாட்டு இதழ்கள் வந்தன, மின்விசிறிகள் ஓடின. ஆட்கள்தான் வரவில்லை. ஷிப்டில் இருப்பவன் கையில் கிரீஸோடு நூலகத்துக்கு எப்படி வருவான்? அக்கா கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு அவரே சுரங்கத்துக்குள் இறங்கினார். எங்கள் பிரிவுக்குத்தான் முதலில் வந்தார். என் கூட்டாளிகள் என்னை விடுவார்களா? "இன்னாப்பா, உங்க அக்கா ரேஷன் கார்டு கணக்கு எடுக்கற மாதிரி ஒவ்வொருத்தனயா கேட்டுகினு வராங்க" என்று கிண்டல் செய்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது.

மழைக்காலத்தில் ஈர மண் கன்வேயர் பெல்ட்டில் அப்பிக்கொள்வது எங்களுக்குப் பெரிய தலைவலி. அதைக் குறித்து யாரும் நூலகத்தில் போய்க் கேட்டதில்லை. அது கேள்வி என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, தலையெழுத்து என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அக்கா நின்று பார்த்துவிட்டுப் போய், வேறு நாட்டுச் சுரங்கங்களில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடி எடுத்து, எங்கள் ஃபோர்மேனுக்குப் புரியும்படி தமிழில் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி சரியானது. ஆனால் அதன் பிறகு அவர் வந்தால் கிண்டல் செய்தவர்களே பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் திருமணம் நடந்தது இந்தக் காலத்தில்தான். மாமா எலக்ட்ரீஷியன். ஒரு மகன் பிறந்தான். அவன் தளர்நடை போடும் வயதில் அக்காவை ஐரோப்பாவில் ஒரு பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வளரும் நாடுகளில் தொழிற்சாலைகளுக்குத் தகவல் தேடிக் கொடுப்பவர்களுக்கான பயிற்சி. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போவாளா ஒரு தாய் என்று பேச்சு கிளம்பியது. மாமாதான் வாசலில் நின்று சொன்னார்: "அவ போவட்டும். புள்ளைக்குச் சோறு ஊட்ட எனக்குக் கை இல்லியா?"

அந்தப் பயிற்சியில் நடந்ததை அக்கா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பாடம் எடுத்தவர் பெரிய அறிஞராம். பயனாளர் உங்களிடம் வந்து கேள்வி கேட்பார், நீங்கள் கணினியில் தேடிப் பதிலை எடுத்துக் கொடுப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அக்கா எழுந்து நின்றாராம். "எங்கள் ஊரில் வர மாட்டார்கள். கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வேலை கெட்டுப்போய்விட்டது என்பது மட்டும்தான் தெரியும். அவர்களிடம் நான் எப்படிப் போவது? அதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டாராம். அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் மேசையைத் தட்டினாராம். துருக்கியிலிருந்து வந்திருந்த அம்மையார் அவர். அவர் ஊரிலும் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரிதான் வெட்டுகிறார்கள். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். மற்றவர்கள் கோவில் குளம் என்று கிளம்புகிற வயதில் அக்கா வீட்டின் முன்னறையில் பெஞ்சு போட்டு வகுப்பு ஆரம்பித்தார். நூலகவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டிலிருந்த பட்டதாரிகள்தான் மாணவர்கள். பெரும்பாலும் பெண்கள், சுற்றுவட்டாரத்துக்காரர்கள். பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளுக்கும், செங்கல் சூளைகளுக்கும், லேத் பட்டறைகளுக்கும் தேவையான தகவலைத் தேடிக் கொடுக்க அவர்களைப் பழக்குவதுதான் பாடம். பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கிறது, இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பார் அக்கா. மாமா வகுப்புக்குச் சுண்டலும் டீயும் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்குச் சமையல் வராது. இதை எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார், அதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு மழை வாரம். குள்ளஞ்சாவடிப் பக்கம் அனல்மின் நிலையத்து எரிசாம்பலில் கட்டடக் கல் அறுக்கும் செங்கேணி என்பவர் போன் செய்தார். கல் கெட்டிப்படாமல் உதிர்கிறது, கலவையை எப்படிப் போடுவது என்று கேட்டார். மழையில் போய்ப் பார்ப்பானேன் என்று மாணவிகள் உட்கார்ந்த இடத்திலேயே தேடினார்கள். அருமையான ஆராய்ச்சிக் கட்டுரைகள் கிடைத்தன. அதில் சொன்னபடி சுண்ணாம்பு அதிகம் சேர்க்கச் சொல்லி எழுதி அனுப்பினார்கள். அக்காவும் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலை வேளையில், டிராக்டர் ஒன்று வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றது. செங்கேணி இறங்கினார். பின்பக்கத்தைத் திறந்து கல்லையெல்லாம் வாசலிலேயே கொட்டினார். அன்று நான் அங்கே இருந்தேன்.

"எங்கங்க அந்த மேடம்?" என்றார். அக்கா வெளியே வந்தார்.

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரிதாங்க கலந்தேன். சுண்ணாம்பு சேருன்னீங்க, சேத்தேன். அறுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சி. இப்பப் பாருங்க, வாயப் பொளந்துகினு கெடக்குது. இத வாங்கிப் போனவன் என் வூட்டு வாசல்ல வந்து நிக்கறான். நான் உங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறேன்."

அக்கா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கையிலேயே இரண்டாகப் பிளந்தது. வகுப்பில் இருந்த பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று அழ ஆரம்பித்தார்கள்.

"தப்பு எங்க மேலதாங்க" என்றார் அக்கா. "சாம்பல் எந்தச் சாம்பல்னு பாக்காம எழுதிட்டோம். நான்தான் படிச்சிட்டு அனுப்பச் சொன்னேன்." பிறகு உள்ளே திரும்பி, "அங்க நின்னு அழாதீங்க. வெளிய வந்து கல்லப் பாருங்க" என்றார்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டுரைகளெல்லாம் வேறு வகை நிலக்கரியின் சாம்பலைப் பற்றியவை. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, சேர்த்தால்தான் பிடிக்கும். நம் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் அது ஏற்கெனவே இருக்கிறது. மேலும் சேர்த்தால் காய்ந்த பிறகு உள்ளே உப்பிக் கல்லைப் பிளக்கும். வெளியூர்க்காரராக இருந்தால் இது என்ன சாம்பல் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எங்கள் பிள்ளைகள் கேட்கவில்லை. கொடியில் காயும் துணியிலிருந்து அதை உதறிக்கொண்டே வளர்ந்தவர்கள், சாம்பலைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள். வேதியியல் படித்த அக்காவும் அப்படியே இருந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வகுப்பு செங்கேணியின் களத்தில்தான் நடந்தது. மாணவிகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கலவை மிதித்தார்கள். கல் முன்பு எதனால் உதிர்ந்தது, சாம்பல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வந்ததும் எங்கே கொட்டுகிறார்கள், எத்தனை நாள் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அக்கா துருக்கித் தோழிக்கு எழுதினார். அவர் ஊர்ச் சாம்பலும் இதே குணம் உள்ளதுதான். அங்கே செய்து பார்த்தவற்றை அவர் அனுப்பிவைத்தார். துருக்கி மொழியில் இருந்ததை அகராதி வைத்தும் கணினி வைத்தும் தமிழாக்கினார்கள். சுண்ணாம்பைக் குறைத்து, சாம்பலை முதலிலேயே நனைத்துச் சில நாள் ஆறப்போட்டுப் பிறகு கலந்தார்கள். அதுவும் உடனே வரவில்லை. இரண்டு முறை கெட்டு, மூன்றாவது முறைதான் கல் நின்றது. செங்கேணி அதை எடுத்து டிராக்டரின் மேலிருந்து தரையில் போட்டுப் பார்த்தார். உடையவில்லை. அப்போதும் அவர் சிரிக்கவில்லை, "ம்" என்றார். ஆனால் அதன் பிறகு சுற்றுவட்டாரத்திலுள்ள கல் அறுப்பவர்களையெல்லாம் அக்காவிடம் அனுப்பியவர் அவர்தான்.

அன்றிலிருந்து அக்கா ஒரு விதி வைத்தார். கேட்டவருடைய இடத்துக்குப் போய் நின்று, அதே கேள்வியை அவர் வாயால் இன்னொரு முறை கேட்காமல் ஒரு பதிலும் வெளியே போகக்கூடாது. மாணவிகள் இதைக் களநாள் என்பார்கள். பாடத்திட்டத்தில் பாதி அதுதான். மழையோ வெயிலோ, பஸ் உண்டோ இல்லையோ, கேட்டவர் கோபக்காரரோ, போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் பெரியப்பா பேரன் ஒருவன் அக்காவிடம், இப்போதெல்லாம் போனில் கேட்டால் உடனே பதில் சொல்கிறதே, இதற்கு ஏன் அத்தை இவ்வளவு அலைச்சல் என்று கேட்டான். "சொல்லுது. எந்தச் சாம்பல்னு நீ சொல்லலன்னா அதுக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியாதே" என்றார் அக்கா. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வகுப்பின் பெயர் பரவியதும் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் தேடி வந்தது. பெயர் வேண்டாம். வந்த அதிகாரி மரியாதையானவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவின் வகுப்புக்கு அங்கீகாரம் தருகிறோம், மாணவர்களுக்கு எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்கும் என்றார். மாணவிகளின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே நிபந்தனை, எல்லா ஊருக்கும் பொதுவான பாடத்திட்டத்துக்கு மாற வேண்டும்.

"ஃபீல்டு விசிட்டெல்லாம் ஆப்ஷனலா வெச்சிக்கலாம் மேடம். அசஸ்மென்ட் ஆன்லைன்ல. ஒரே மாதிரி இருந்தாத்தான் மார்க் போட முடியும்" என்றார்.

"சார், இதுல பயனாளர்னு எழுதியிருக்கீங்க. அவரு எங்க இருப்பாரு?" என்று கேட்டார் அக்கா.

"போர்ட்டல்ல ரெஜிஸ்டர் பண்ணுவாங்க."

"எங்க செங்கேணி பண்ண மாட்டாரு. கல்லு ஒடஞ்சா டிராக்டர எடுத்துகினு நேரா இங்கதான் வருவாரு. களநாள் இருக்கணும், அதுக்கும் மார்க் இருக்கணும். மத்தது எல்லாம் நீங்க சொல்ற மாதிரி மாத்திக்கிறேன்."

அவர் முடியாது என்றார். அக்காவும் முடியாது என்றார். அப்போது பெஞ்சிலிருந்து மகேஸ்வரி எழுந்தாள். திருவதிகைப் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நான் களநாளுக்குப் போறேன்னு வூட்ல சொன்னா, எந்தக் கொட்டகைக்கு, யாரு கூட, எதுக்குன்னு கேக்கறாங்க. நீ கத்துக்கறதுக்கு ஒரு பேப்பராச்சும் தருவாங்களான்னு கேக்கறாங்க. அந்த பேப்பர் இருந்தாத்தான் மேடம் என்னை வேலைக்கு அனுப்புவாங்க. இல்லன்னா வர்ற தையில கல்யாணம்."

அக்கா மகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்றது நியாயம்மா. நீ அங்கயே சேந்துக்கோ. நானே உனக்குப் பரிந்துரை எழுதித் தரேன். யாருக்கு வேணுமோ எல்லாருக்கும் எழுதித் தரேன். ஆனா இந்த ரூம்ல களநாள மாத்த மாட்டேன்" என்றார்.

பாதிக்கு மேல் போய்விட்டார்கள். மகேஸ்வரியும் போனாள். சொன்னபடி ஒவ்வொருவருக்கும் அக்கா பரிந்துரை எழுதிக் கொடுத்தார், நல்ல வார்த்தைகளாகத்தான் எழுதினார். அன்று மாலை முன்னறையில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: "ஏங்க்கா இவ்ளோ பிடிவாதம்? கையெழுத்தப் போட்டுட்டு, நீ பாட்டுக்குக் களத்துக்குக் கூட்டிகினு போயிருக்கலாமே. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"மார்க் இல்லாத பாடத்துக்கு மழையில எவ போவா? ஒரு வருஷம் போவாங்க, ரெண்டு வருஷம் போவாங்க, அப்பறம் நின்னுடும்" என்றார் அக்கா. "சர்டிபிகேட் வெச்சிருக்கற புள்ள தப்பான பதில் சொன்னா எல்லாரும் நம்புவாங்கடா. அந்தக் கல்லு யாரு வூட்டுச் செவுத்துல ஏறும், சொல்லு."

நான் எழுந்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவைத்தேன்.

அக்கா ஜெயித்துவிட்டார் என்று இந்த இடத்தில் எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. ஓரிரு ஆண்டுகள் வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் இருந்தார்கள். மாமா சுண்டலைச் சின்னப் பாத்திரத்தில் போட்டார். ஊரில் சிலர், கிழவிக்கு வீம்பு, பிள்ளைகள் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்றார்கள். சொன்னவர்களுக்கும் இந்த மலர் வரும். அவர்களில் ஒருவர் வீட்டுப் பட்டறையில் மோட்டார் அடிக்கடி புகைந்தபோது, வகுப்பிலிருந்த பெண்கள்தான் நேரில் போய் நின்று காரணம் கண்டு சொன்னார்கள் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

மகேஸ்வரிக்குச் சான்றிதழ் கிடைத்தது. கடலூரில் ஒரு தொழிற்சாலையில் தகவல் பிரிவில் வேலையும் கிடைத்தது. தைக் கல்யாணம் தள்ளிப்போனது. சேர்ந்த சில மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். "எல்லாரும் மெயில்லதான் கேக்கறாங்க மேடம். நான் எழுந்து பிளான்ட்டுக்குப் போனா, ஒங்கள யாரு இங்க வரச் சொன்னதுன்னு கேக்கறாங்க. நான் போய்கினுதான் இருக்கேன்" என்றாள். அக்கா அவளைப் பாராட்டவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் வந்து, இருந்த சிலரைக் களத்துக்கு அழைத்துப் போனாள்.

அக்காவுக்கு உடம்பில் நோய் இருப்பது தெரிந்தபோது அது முற்றியிருந்தது. புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். வேறு நோய்க்காக வந்தவர், ஆனால் அவருடைய விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தன. முந்திரிக் கொட்டை உடைப்பவர். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கை வெந்து போகிறது. கையுறை தந்தார்களே, ஏன் போடவில்லை என்று பார்க்க வந்த யாரோ கேட்டார்கள். "அதப் போட்டா பருப்பு கைக்குத் தெரியலம்மா. ஒடஞ்ச பருப்புக்குக் கூலி யாரு தருவா?" என்றார் அந்த அம்மா.

அக்கா படுக்கையிலிருந்தபடியே மகேஸ்வரியைக் கூப்பிட்டார். "கையுறையப் பத்தித் தேடாத. பருப்பு தெரியற மாதிரி கைய எப்படிக் காப்பாத்தறதுன்னு தேடு. மொதல்ல இவங்க கிட்ட உக்காந்து கேளு. அப்பறம் கொட்டகைக்குப் போ" என்றார். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கேள்வியைத் திருத்தினார். இதுதான் அக்கா நடத்திய கடைசி வகுப்பு. அந்த வார இறுதியில் காலமானார். மாமா பக்கத்தில் இருந்தார், நானும் இருந்தேன். என்னைப் பெற்றவள் போன பின்பு எனக்கு இன்னொரு தாயாக இருந்தவரை இழந்தேன். இதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

இறுதி ஊர்வலத்திலும் பதினாறாம் நாளன்றும் கல் அறுப்பவர்களும், கொட்டை உடைக்கும் பெண்களும், பட்டறைக்காரர்களும், சுரங்கத்து ஆட்களும் தெரு முழுக்க நின்றார்கள். கை கழுவுமிடத்தில் கேட்டவரே, கூட்டம் ஏன் வந்தது என்று இப்போது தெரிந்ததா?

சில மாதம் கழித்து அதே பயிற்சி நிறுவனத்திலிருந்து அதே அதிகாரி வந்தார். அக்காவின் படத்துக்கு மாலை போட்டார். வகுப்புக்கு அக்காவின் பெயரையே சூட்டி, அவர் படத்தைச் சான்றிதழிலும் போட்டு, பெரிய அளவில் நடத்தலாம் என்றார். பாடத்திட்டம் பழையபடி அவர்களுடையதுதான். களநாள் விருப்பப் பாடம். பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் போனில், அம்மா பேர் நிலைத்து நிற்கட்டுமே என்றான். அதில் தவறில்லை, மகனாகப்பட்டவனுக்கு அந்த ஆசை இருக்கும். என் மனமும் கொஞ்சம் தடுமாறியது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவ பேரப் போட்டுட்டு அவ வேலய எடுத்துடுவீங்களா சார்? பேரு எங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார். வாழ்நாளில் அவர் ஓர் அதிகாரியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அதிகாரி மகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். அவள், "எனக்கு ஒங்க சர்டிபிகேட் ஒதவிச்சி சார், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல களநாள் இல்ல. நீங்க சேத்துகினு வாங்க, அன்னிக்கே கையெழுத்துப் போடறோம்" என்றாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதும் நாள்வரை சொல்லவில்லை. வகுப்பு முன்னறையில் நடக்கிறது. மகேஸ்வரிதான் நடத்துகிறாள். பாதிப் பாடத்திட்டம் இன்றும் களநாள்தான். பெஞ்சு நிறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் இல்லாத பெஞ்சும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவை உடன்பிறந்தவரைப் போலக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியும் முகம் கோணாத வார்டு ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனையில் இருந்த நாளெல்லாம் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த மந்தாரக்குப்பத்துப் பக்கத்து வீட்டாருக்கும், பழைய நூலகத் தோழர்களுக்கும், எங்கள் கன்வேயர் பிரிவு நண்பர்களுக்கும், துருக்கியிலிருந்து அழுதுகொண்டே போனில் பேசிய அம்மையாருக்கும், சுடுகாடுவரை தோள் கொடுத்த செங்கேணிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்காவோடு ஒத்துப்போகாமல் விலகிப் போனவர்களுக்கும் நன்றி. அவர்கள் விலகியதால்தான் அக்கா எதை விட மாட்டார் என்று எங்களுக்கே தெரிந்தது.

கடைசியாக உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டு நினைவு நாளன்று பகல் உணவுக்கு அனைவரும் அவசியம் வாருங்கள். மாமா பரிமாறுவார், நான் இலை போடுவேன். ஆனால் அக்காவின் மாணவிகள் யாரும் அன்று அங்கே இருக்க மாட்டார்கள். படத்துக்குப் பூப்போடவும் வர மாட்டார்கள். பண்ருட்டியில் ஒரு கொட்டகையில் கொட்டை உடைக்கும் பெண்கள், மாணவிகள் தேடிக் கொடுத்த, கைக்குத் தடவும் பூச்சு ஒன்றை முதல்முறையாகப் போட்டுக்கொண்டு அன்றுதான் வேலைக்கு உட்காருகிறார்கள். அது கையைக் காக்குமா, பருப்பு விரலுக்குத் தெரியுமா என்று யாராலும் இங்கிருந்தபடி சொல்ல முடியாது. குருவின் நினைவு நாளுக்குக்கூட வராத பிள்ளைகள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். களநாளை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மகேஸ்வரி என்னிடம் கேட்டாள். வேண்டாம், நீங்கள் போங்கள் என்று சொன்னவன் நான்தான்.